பல செங்குத்து அச்சுகள், கோடிக்கணக்கில் புள்ளிகள்: சார்ட் டெஸ்டிங் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எல்லாக் கேள்விக்கும் ஒரே உதாரணத்தை வைத்துக்கொள்வோம், இல்லையென்றால் பேச்சு அந்தரத்தில் தொங்கும். முப்பந்தல் பக்கம் நிற்கிற மாதிரி ஒரு காற்றாலை. காற்றின் வேகம், மின் உற்பத்தி, கியர்பாக்ஸ் வெப்பநிலை, கிரிட் ஃப்ரீக்வென்சி (மின்கட்டமைப்பின் அதிர்வெண்), காற்றின் திசை என்று ஐந்து எண்கள் வினாடிக்கு ஒருமுறை வருகின்றன. ஐந்தும் ஒரே சார்ட்டில். அலகுகள் வேறு வேறு என்பதால் இடதுபக்கம் இரண்டு அச்சு, வலதுபக்கம் மூன்று. ஜூம் செய்யலாம், நகர்த்தலாம், லெஜண்டை (எந்த நிறம் எந்தக் கோடு என்று சொல்லும் பட்டியல்) தட்டி ஒரு கோட்டை மறைக்கலாம். இதை டெஸ்ட் செய்யச் சொல்லி உங்களிடம் கொடுத்துவிட்டார்கள்.

சார்ட் வேகமாக வருகிறது, பிரவுசர் கன்சோலில் சிவப்பாகப் பிழைச் செய்தி எதுவும் இல்லை. இன்னும் எதை டெஸ்ட் செய்வது?

அது காட்டுவது உண்மையா என்பதை. ஒரு ஃபார்ம் உடைந்தால் சேவ் ஆகாது, யாராவது போன் போட்டுக் கத்துவார்கள். ஆனால் வெப்பநிலைக் கோடு தவறிப்போய் கிலோவாட் அச்சோடு ஒட்டிக்கொண்டால் எந்தப் பிழைச் செய்தியும் வராது, அழகான ஒரு கோடு வரும், அவ்வளவுதான். 0 முதல் 2000 வரை போகும் அச்சில் 62 டிகிரியும் தரையோடு தரையாக ஓடும், 95 டிகிரியும் கிட்டத்தட்ட அங்கேயேதான் ஓடும், பார்ப்பவர் கியர்பாக்ஸ் நன்றாக இருக்கிறது என்று நினைத்து அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார். அதனால் என் வரிசை: முதலில் திரையில் தெரிவது தரவோடு ஒத்துப்போகிறதா, அடுத்து தொட்டால், இழுத்தால் ஒத்துப்போவது கலைகிறதா, வேகம் கடைசியில். பல டீம்களில் இது தலைகீழாக நடக்கிறது. காரணம் வேறொன்றுமில்லை, வேகத்தை அளந்து ரிப்போர்ட்டில் ஒரு எண்ணாகப் போடுவது சுலபம்.

எவ்வளவு தரவு இருந்தால் 'பெரிய தரவு' என்று சொல்லலாம்?

நம் காற்றாலையையே எடுங்கள். வினாடிக்கு ஒன்று என்றால் நாளுக்கு 86,400 வரி, வருடத்துக்கு 3,15,36,000. ஒரு எண்ணுக்கு 8 பைட் என்று வைத்தாலே ஒரு பத்திக்கு 252 எம்பி, ஐந்து பத்தியும் நேரமும் சேர்ந்தால் ஒன்றரை ஜிபி. இதை பிரவுசருக்கு அப்படியே அனுப்புகிற டிசைனாக இருந்தால் டெஸ்ட் செய்வதற்கு முன்பே பேசித் தீர்க்க வேண்டிய விஷயம் அது. சார்ட்டின் அகலம் 1,200 பிக்சல் என்றால் அதில் 3 கோடிப் புள்ளிகளைத் தனித்தனியாகக் காட்ட இடமே கிடையாது, எங்கேயோ ஒருவர் குறைத்துத்தான் ஆகவேண்டும்.

டெஸ்டருக்கு அதைவிட முக்கியமானவை எல்லைகள். தரவே இல்லை, ஒரே ஒரு புள்ளி, இரண்டு புள்ளி, எல்லாமே காலியான மதிப்பு, இதையெல்லாம் முதலில் போடுங்கள். அப்புறம் சார்ட் வரையும் லைப்ரரி (ஆயத்தக் கோட் தொகுப்பு) தன் வழியை மாற்றிக்கொள்ளும் இடங்கள். ஹைசார்ட்ஸ் என்ற லைப்ரரியில் டர்போ த்ரெஷோல்ட் என்று ஒரு எல்லை, இயல்பாக 1000 புள்ளி. புள்ளிகளை ஆப்ஜெக்டாகக் கொடுத்துக்கொண்டிருந்தால் 1000 வரை எல்லாம் சரியாக வரும், அதைத் தாண்டினால் அந்த வரிசையையே வரையாது. சார்ட்.ஜேஎஸ் என்ற இன்னொரு லைப்ரரியில் புள்ளி குறைக்கும் வசதியை ஆன் செய்திருந்தாலும், கண்ணுக்குத் தெரியும் பகுதியில் உள்ள புள்ளிகளின் எண்ணிக்கை கேன்வாஸ் (சார்ட் வரையப்படும் பரப்பு) அகலத்தின் பிக்சல் எண்ணிக்கையைப் போல் நான்கு மடங்கைத் தாண்டினால்தான் அது வேலையைத் தொடங்கும், அதுவும் கோட்டு சார்ட்டில் மட்டும். எனவே எல்லைக்கு ஒன்று கீழே, ஒன்று மேலே என்று இரண்டு ஃபைல் தயாராக இருக்கட்டும்.

இன்னொன்று. அச்சின் மேல் எல்லையைக் கண்டுபிடிக்க ஒரு பெரிய அணியை அப்படியே விரித்து மேத்.மேக்ஸுக்குள் (மிகப் பெரிய எண்ணைத் தரும் ஃபங்ஷன்) தள்ளும் கோட் இன்றும் நிறைய இருக்கிறது. ஆயிரக்கணக்கில் ஓடும், சில லட்சத்தில் ஸ்டாக் (ஃபங்ஷன் ஓடுவதற்கான நினைவிடம்) நிரம்பி விழும். டெவலப்பரின் மாதிரித் தரவில் 500 வரி இருந்தால் இது ஒருநாளும் தெரியவராது.

பல அச்சுகள் இருந்தால் எதைக் குறிவைத்துப் பார்ப்பது?

எந்தக் கோடு எந்த அச்சோடு போகிறது என்பதை. இதைக் கண்ணால் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு மாறாத மதிப்பைக் கொடுங்கள்: வேகம் எப்போதும் 10, உற்பத்தி எப்போதும் 1500, வெப்பநிலை 60, இப்படி. ஐந்தும் நேர்கோடுகளாக வரும், ஒவ்வொன்றும் தன் அச்சில் தன் எண்ணுக்கு நேராக நிற்கிறதா என்று ஒரு நிமிடத்தில் பார்த்துவிடலாம். போனஸாக இன்னொரு பக்கும் மாட்டும்: சிறுமமும் பெருமமும் ஒன்றாக இருந்தால் ஸ்கேல் கணக்கில் பூஜ்யத்தால் வகுக்கும் நிலை வந்து கோடே காணாமல் போகும் சார்ட்டுகள் உண்டு.

அடுத்தது எதிர்மறை எண்கள். நின்றுபோன காற்றாலை தன் கன்ட்ரோலர், மோட்டார்களுக்காக கிரிட்டிலிருந்து கொஞ்சம் மின்சாரம் இழுக்கும், அப்போது உற்பத்தி மைனஸில் போகும். உற்பத்தி அச்சு மைனஸ் 50-இல் தொடங்கும், வேக அச்சு 0-இல் தொடங்கும், இரண்டு பூஜ்யமும் வேறு வேறு உயரத்தில் நிற்கும். பார்ப்பவர் எது பூஜ்யக் கோடு என்று தெரியாமல், மைனஸ் 20-ஐ உற்பத்தி நடக்கிறது என்று படிப்பார். பூஜ்யங்கள் ஒரே கோட்டில் நிற்க வேண்டுமா என்பது தேவையை எழுதினவர் சொல்லவேண்டிய பதில். சொல்லவில்லை என்றால் கேளுங்கள், அனுமானிக்காதீர்கள். அச்சுக் கோடுகளை ஒத்திசைக்கும் வசதியை ஆன் செய்தால் போதும் என்று சிலர் சொல்வார்கள். அது கட்டக்கோடுகளின் எண்ணிக்கையைச் சமமாக்கும், பூஜ்யத்தைப் பூஜ்யத்தோடு சேர்த்துவைக்கும் என்று அர்த்தமில்லை.

அப்புறம் ஃப்ரீக்வென்சி. இந்திய கிரிட்டில் 49.90 முதல் 50.05 ஹெர்ட்ஸ் வரைதான் அனுமதிக்கப்பட்ட பட்டை. அச்சு 0-இல் தொடங்கி 60-இல் முடிந்து, உயரம் 400 பிக்சல் என்றால் அந்த முழுப் பட்டையும் ஒரே ஒரு பிக்சல். கிரிட்டே ஆடினாலும் கோடு அசையாது. சரி, தானாக ஸ்கேல் ஆகட்டும் என்று விட்டால் எதிர்ப்பக்கத் தொல்லை: அமைதியான ஒரு மணி நேரத்தை ஜூம் செய்தால் 0.02 ஹெர்ட்ஸ் ஆட்டம் மலைத்தொடர் மாதிரி எழுந்து நிற்கும். இரண்டையும் டெஸ்ட் செய்து, படத்தோடு டீமிடம் காட்டுங்கள். இதற்கு என் விருப்பம் நிலையான அச்சு எல்லை, தாண்டினால் மட்டும் விரியட்டும்.

மற்றபடி மூன்றாவது அச்சு இரண்டாவதன் மேலேயே ஏறி உட்கார்ந்திருக்கிறதா, லெஜண்டில் ஒரு கோட்டை மறைத்தால் அதன் அச்சும் போகிறதா, திரும்பக் கொண்டுவந்தால் பழைய இடத்துக்கே வருகிறதா, லாக் ஸ்கேலில் (1, 10, 100 என்று மடங்காக ஏறும் அச்சு) பூஜ்யம் வந்தால் என்ன ஆகிறது, இதெல்லாம் பட்டியலில் இருக்கட்டும்.

புள்ளிகளைக் குறைத்துக் காட்டும்போது எதுவும் தொலையவில்லை என்று எப்படி உறுதி செய்வது?

எது தொலையக்கூடாதோ அதை நீங்களே தரவுக்குள் ஒளித்துவைத்துத் தேடுங்கள். ஒரு நாள் முழுக்க 50.00 ஹெர்ட்ஸ், நடுவில் 3 வினாடி மட்டும் 49.20. பத்து நிமிடச் சராசரி எடுக்கும் சர்வராக இருந்தால் அந்த வீழ்ச்சி 49.996 ஆகிவிடும், அதாவது இல்லவே இல்லை. கிரிட் பொறியாளருக்கு வேண்டியதோ அந்த 3 வினாடிதான்.

எல்டிடிபி என்று பரவலாகப் பயன்படும் முறை, 2013-இல் ஐஸ்லாந்து பல்கலைக்கழக முதுகலை ஆய்வு ஒன்றில் வந்தது, சராசரியைவிட எவ்வளவோ மேல். தரவைத் தொட்டிகளாகப் பிரித்து ஒவ்வொன்றிலும் பெரிய முக்கோணம் அமைக்கும் ஒரு புள்ளியை எடுத்துக்கொள்ளும். கோட்டின் தோற்றம் நன்றாகவே பிழைக்கும். ஆனால் ஒரு தொட்டிக்கு ஒரே புள்ளி என்பதை மறக்காதீர்கள்: ஒரே தொட்டிக்குள் மேலே ஒரு கூர்முனை, கீழே ஒரு கூர்முனை வைத்துப் பாருங்கள், ஒன்றுதான் மிஞ்சும். அலாரம் சார்ந்த சார்ட்டுக்கு ஒவ்வொரு பிக்சல் பத்தியின் சிறுமத்தையும் பெருமத்தையும் வைத்துக்கொள்ளும் முறைதான் பொருத்தம் என்பது என் கருத்து, கோடு கொஞ்சம் தடிமனாகத் தெரிந்தாலும் பரவாயில்லை. இதை ஆட்டோமேட் செய்வதும் எளிது: குறைப்பதற்கு முன் பெருமம், சிறுமம், குறைத்த பின் பெருமம், சிறுமம், இரண்டும் ஒன்றா?

பல அச்சு சார்ட்டில் இதோடு ஒரு வம்பு கூடவே வரும், அதிகம் பேர் கவனிப்பதில்லை. எல்டிடிபி ஒவ்வொரு வரிசைக்கும் தனித்தனியாக ஓடும், ஆகவே வேகத்துக்கு 10:00:07 புள்ளியையும் வெப்பநிலைக்கு 10:00:31 புள்ளியையும் தேர்ந்தெடுத்திருக்கும். மவுஸை வைத்தால் எல்லா மதிப்பையும் சேர்த்துக் காட்டும் பொதுவான டூல்டிப்பில் ஒன்றுக்கு மதிப்பு இருக்கும், மற்றதற்கு இருக்காது. அல்லது, இன்னும் மோசம், 24 வினாடி தள்ளியிருக்கும் மதிப்பை அதே நேரத்தின் மதிப்பாகக் காட்டும். 'காற்று வேகம் எகிறிய அதே நொடியில் உற்பத்தி விழுந்தது' என்று யாராவது காரணம் கண்டுபிடித்தால், அந்த 'அதே நொடி' சார்ட் உண்டாக்கியதா என்று பாருங்கள்.

காற்றின் திசைக்குத் தனி டெஸ்ட் வேண்டும். 350 டிகிரியும் 10 டிகிரியும் சேர்ந்தால் சராசரி வடக்கு, அதாவது 0. சும்மா கூட்டி வகுத்தால் 180, நேர் தெற்கு! அதேபோல 359-இலிருந்து 1-க்குத் திசை மாறும்போது சார்ட் மேலிருந்து கீழே வரை ஒரு செங்குத்துக் கோடு இழுக்கும். நியாயமாகப் பார்த்தால் திசையைக் கோடாக வரைவதே தப்பு, புள்ளிகளாக வைத்தால் இந்தத் தலைவலி பாதி குறையும்.

தரவு வராத நேரம் எப்படித் தெரிய வேண்டும்?

இடைவெளியாக. காலியான மதிப்பை 0 என்று வரைந்தால் காற்றாலை நின்றுவிட்டது என்று அர்த்தமாகும், இருபுறமும் உள்ள புள்ளிகளை இணைத்துக் கோடு போட்டால் ஓடிக்கொண்டிருந்தது என்று அர்த்தமாகும், உண்மையில் நெட்வொர்க் போயிருக்கும். காலியான மதிப்புள்ள வரிகள், வரியே இல்லாத நேரம், இரண்டையும் தனித்தனியாக டெஸ்ட் செய்யுங்கள். முதலாவதை இடைவெளியாகக் காட்டும் பல சார்ட்டுகள் இரண்டாவதைச் சத்தமில்லாமல் இணைத்துவிடும்.

கேன்வாஸில் வரைந்த சார்ட்டை ஆட்டோமேஷனில் எப்படிப் பிடிப்பது? கிளிக் செய்ய உள்ளே எலிமெண்டே இல்லையே?

இல்லைதான். எஸ்விஜி முறையில் வரைந்தால் ஒவ்வொரு கோடும் தனி எலிமெண்ட், கேன்வாஸ் என்றால் பிரவுசர் கண்ணுக்கு அது ஒரே செவ்வகம். ஆனால் பிரபலமான லைப்ரரிகள் பலவற்றிலும் மதிப்பைக் கொடுத்தால் பிக்சலையும், பிக்சலைக் கொடுத்தால் மதிப்பையும் திருப்பித் தரும் ஃபங்ஷன்கள் உண்டு. சார்ட்.ஜேஎஸ், ஈசார்ட்ஸ், ஹைசார்ட்ஸ் மூன்றிலும் பயன்படுத்தலாம். பிரவுசரைத் தானாக இயக்கும் ப்ளேரைட்டிலோ செலினியத்திலோ சார்ட் ஆப்ஜெக்டைப் பிடித்து, 'இந்த நேரம், இந்த அச்சில் 1500, எந்த பிக்சல்?' என்று கேளுங்கள், மவுஸை அங்கே கொண்டுபோங்கள், டூல்டிப்பில் வரும் எழுத்தை மூலத் தரவோடு ஒப்பிடுங்கள். எந்த அச்சு என்று சரியாகச் சொல்லாவிட்டால் வேறொரு அச்சின் கணக்கில் பதில் வரக்கூடும், டெஸ்ட் தானாகவே குழம்பும். டெவலப்பர் சார்ட் ஆப்ஜெக்டை வெளியே தெரியாமல் மூடிவைத்திருந்தால் டெஸ்ட் பில்டிலாவது திறந்துவைக்கச் சொல்லுங்கள், சண்டை போட்டு வாங்கத் தகுந்த விஷயம்.

ஸ்கிரீன்ஷாட் ஒப்பிட்டால் போதாதா?

துணைக்கு நல்லது, அதை மட்டும் நம்பினால் கஷ்டம். மேக்கில் எடுத்த படமும் லினக்ஸில் எடுத்த படமும் எழுத்துரு விளிம்பிலேயே வேறுபடும். அதற்காக அனுமதிக்கும் வித்தியாசத்தைத் தாராளமாக வைத்தால், ஓரிரு பிக்சல் அகலமே உள்ள அந்த ஃப்ரீக்வென்சி வீழ்ச்சி காணாமல் போனாலும் டெஸ்ட் பாஸ் ஆகிவிடும். அனிமேஷனை சார்ட்டின் அமைப்பிலேயே அணையுங்கள், ஏனென்றால் ப்ளேரைட் தானாக நிறுத்துவது சிஎஸ்எஸ் அனிமேஷனை, கேன்வாஸுக்குள் ஓடுவதை அல்ல. அச்சுத் தலைப்பு தமிழில் இருந்தால் டெஸ்ட் ஓடும் கன்டெய்னரில் தமிழ் எழுத்துரு ஒன்றைப் போட்டுவையுங்கள், இல்லாவிட்டால் வெறும் கட்டங்கள்தான் படத்தில் இருக்கும், அதுவே 'சரியான படம்' என்று சேமிக்கவும் படும்.

ஜூம், நகர்த்தல்: என்னென்ன உடையும்?

வேகமாக ஐந்து முறை ஜூம் செய்யுங்கள். ஒவ்வொரு ஜூமுக்கும் சர்வரிடம் புதுத் தரவு கேட்கும் சார்ட்டில், இரண்டாவது கேள்வியின் பதில் ஐந்தாவதற்குப் பின்னால் வந்து சேர்ந்தால், திரையில் ஐந்தாவது ஜூமின் அச்சும் இரண்டாவது ஜூமின் கோடும் இருக்கும். சாதாரண நெட்டில் அபூர்வமாகத்தான் மாட்டும். ப்ளேரைட்டில் கோரிக்கையை இடைமறித்து இரண்டாவது பதிலை மட்டும் மூன்று வினாடி தாமதப்படுத்தினால் கையும் களவுமாகப் பிடித்துவிடலாம். ஒன்றுக்கு இரண்டு முறை தாமதத்தை மாற்றிப் போட்டுப் பாருங்கள்.

கிடை அச்சில் ஜூம் செய்யும்போது ஐந்து செங்குத்து அச்சும் மறுபடி ஸ்கேல் ஆக வேண்டுமா, ஒன்றில் மட்டும் மவுஸ் சக்கரத்தை உருட்டினால் மற்ற நான்கும் சும்மா இருக்கிறதா, ரீசெட் அழுத்தினால் ஐந்துமே பழைய எல்லைக்கு வருகிறதா என்பதும் பார்க்கத் தகுந்தவை. ரீசெட்டில் முதல் அச்சு மட்டும் திரும்பி வருவது நான் அதிகம் பார்த்த பக்.

ரொம்ப ஜூம் செய்தால் புள்ளிகள் படிக்கட்டு மாதிரி கொத்துக் கொத்தாக நிற்கின்றன. தரவு சரியாகத்தான் இருக்கிறது. என்ன காரணம்?

வெப்ஜிஎல் (கிராபிக்ஸ் சிப்பை வைத்து பிரவுசரில் வரையும் முறை) பயன்படுத்துகிறீர்களா? அப்படியென்றால் 32 பிட் தசம எண்ணைச் சந்தேகப்படுங்கள். இன்றைய தேதியை 1970 தொடக்கத்திலிருந்து கடந்த மில்லிவினாடியாக எழுதினால் 1.7 லட்சம் கோடிக்கு மேல் வரும். அந்த உயரத்தில் 32 பிட் எண்ணுக்கு அடுத்தடுத்த இரண்டு மதிப்புகளுக்கு இடையே 1,31,072 மில்லிவினாடி இடைவெளி, இரண்டு நிமிடத்துக்கும் மேல். வினாடிக்கு ஒரு புள்ளி என்றால் நூற்றுக்கும் மேற்பட்ட புள்ளிகள் ஒரே இடத்தில் போய் ஒன்றின்மேல் ஒன்றாக நிற்கும். முதல் புள்ளியின் நேரத்தைக் கழித்துவிட்டு அனுப்புவது வழக்கமான தீர்வு. டெஸ்ட் தரவில் தேதியை 1970 ஜனவரி என்று வைத்திருந்தால் இந்தப் பக் ஒளிந்துகொள்ளும், எனவே இன்றைய தேதியையே போடுங்கள்.

வெப்ஜிஎல் பற்றிப் பேசும்போதே இன்னொன்று: குரோமில் ஒரே நேரத்தில் 16 வெப்ஜிஎல் சூழல்தான் (பொதுவாகச் சார்ட்டுக்கு ஒன்று) உயிரோடு இருக்கும். டேஷ்போர்டில் 20 சார்ட் வைத்தால் பழையவை வெறுமையாகிவிடும்.

வேகத்தை எப்படி அளப்பது?

நொடிக்கு 60 சட்டகம் (ஃப்ரேம்) என்றால் ஒன்றுக்குக் கிடைப்பது 16.7 மில்லிவினாடி. இழுக்கும்போது அதைத் தாண்டினால் கை உணரும். குரோம் டெவ்டூல்ஸில் பதிவு செய்து 50 மில்லிவினாடிக்கு மேல் பிடிக்கும் வேலைகளைத் தேடுங்கள், பெரும்பாலும் அதில் பாதி டூல்டிப்புக்காக எல்லாப் புள்ளியையும் முதலிலிருந்து தேடும் லூப்பாக இருக்கும். டெஸ்ட்டுகளைத் தானாக ஓட்டும் சிஐ சர்வரில் அளந்த எண்ணை மட்டும் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள், அங்கே பெரும்பாலும் ஜிபியு (கிராபிக்ஸ் சிப்) கிடையாது, எல்லாம் சிபியு தலையில் ஓடும். சைட் அலுவலகத்தில் இருக்கும் பழைய லேப்டாப் ஒன்றில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

தினசரி உற்பத்தி மொத்தம் கணக்குப் புத்தகத்தோடு ஒத்துவரவில்லை. சார்ட் பிழையா?

நேர மண்டலமாக இருக்கலாம். சர்வர் யுடிசி-யில் (உலகப் பொது நேரம்) நாளைப் பிரித்தால் நமக்கு 'நாள்' காலை 5:30-க்குத் தொடங்கும், நள்ளிரவுக்கும் 5:30-க்கும் இடைப்பட்ட உற்பத்தி முந்தைய நாள் கணக்கில் போய்விடும். ஜாவாஸ்கிரிப்டில் வெறும் தேதியை மட்டும் எழுதினால் யுடிசி, நேரத்தையும் சேர்த்து எழுதினால் உள்ளூர் நேரம் என்று புரிந்துகொள்ளும் பழக்கமும் உண்டு. மழை அளவையும் சேர்ப்பதாக இருந்தால் இந்திய வானிலைத் துறையின் நாள் காலை 8:30-க்கு முடியும் என்பதும் ஞாபகம் இருக்கட்டும். ஜெர்மனி மாதிரி இடத்தில் வாடிக்கையாளர் இருந்தால் மார்ச் கடைசி ஞாயிறு 23 மணி நேரம், அக்டோபர் கடைசி ஞாயிறு 25 மணி நேரம். அந்த இரண்டு நாளுக்கும் தனி டெஸ்ட் எழுதுங்கள்.

நாள் முழுக்கத் திறந்துவைத்தால் பக்கம் மெதுவாகிறது.

நேரலையில் சேரும் புதிய புள்ளிகளுக்கு ஈடாகப் பழையவை கழிகின்றனவா என்று பாருங்கள். பக்கம் மாறும்போது சார்ட்டை முறையாக அழிக்கிறார்களா என்றும் பாருங்கள். திறந்து மூடுவதை ஒரு ஸ்கிரிப்டில் பலமுறை செய்யவிட்டு, முன்னும் பின்னும் ஹீப் ஸ்னாப்ஷாட் (நினைவகத்தில் என்ன இருக்கிறது என்ற பதிவு) எடுத்தால் விடை கிடைத்துவிடும்.

ஒரு சார்ட்டில் எத்தனை அச்சு வரை சரி?

என்னைக் கேட்டால் இரண்டு. மூன்றாவது வரும்போதே எந்தக் கோட்டை எந்த எண்ணோடு படிப்பது என்று கண் அலையத் தொடங்கிவிடும், அச்சின் நிறமும் கோட்டின் நிறமும் ஒன்றாக இருந்தாலும்கூட. அதோடு, இரண்டு கோடுகள் எங்கே வெட்டிக்கொள்கின்றன என்பதை அச்சு எல்லைதான் தீர்மானிக்கிறது, தரவு அல்ல. அந்த வெட்டுப்புள்ளியைக் காட்டி மீட்டிங்கில் கதை சொல்பவர்கள் இருக்கிறார்கள். ஒரே நேர அச்சைப் பகிரும் ஐந்து சின்ன சார்ட்டுகளை ஒன்றின்கீழ் ஒன்றாக அடுக்கலாமே என்று டெஸ்டரும் கேட்கலாம், தப்பில்லை.

சிஎஸ்வி எக்ஸ்போர்ட்டில் எது வரவேண்டும்?

திரையில் உள்ள குறைக்கப்பட்ட புள்ளிகளா, மூலத் தரவா என்று பட்டனிலேயே எழுதியிருக்க வேண்டும். மூலத் தரவு என்றால் எக்செல்லின் எல்லை 10,48,576 வரி, வினாடிக்கு ஒன்று வீதம் பன்னிரண்டு நாளில் நிரம்பிவிடும். அதற்கு மேல் உள்ளதை அது திறக்கும்போது வெட்டிவிடும், ஆகவே பதின்மூன்று நாள் தரவை எக்ஸ்போர்ட் செய்து, எக்செல்லில் திறந்து, கடைசி வரியின் நேரத்தைப் பாருங்கள்.